அப்பா ஆணி அடித்த வருஷம்

எங்கள் வீட்டில் சந்தேகத்துக்குத்தான் சம்பளம் வந்தது. அப்பா மத்திய அரசில் தணிக்கை அதிகாரி. ஊரெல்லாம் எழுதி வைக்கும் கணக்கை முதலில் நம்பாமல் இருப்பதும், பிறகு வேண்டாவெறுப்பாக நம்புவதும் அவருடைய உத்தியோகம். அந்தக் குணத்தை ஆபீஸ் மேஜையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். அப்படி வரமாட்டார். நான் பல் தேய்த்தாயிற்று என்றால் பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்ப்பார். அம்மா காஸ் தீர்ந்துவிட்டது என்றால் சிலிண்டரை ஒரு தடவை தூக்கி ஆட்டிப் பார்ப்பார். பால்காரர் வரவில்லை என்றால்கூட பால்கனிக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருக்கு மகளாகப் பிறந்ததில், பதினோரு வயதுக்குள் நானும் இந்தத் தொழிலில் ஓரளவு கைதேர்ந்திருந்தேன்.

அந்த வயதில் நான் கண்டுபிடித்து வைத்திருந்த பெரிய உண்மை ஒன்று உண்டு. அப்பா காரணமில்லாமல் எதையாவது வாங்கித் தந்தால், பின்னாலேயே மாற்றல் வருகிறது. நாக்பூரில் ஒரு நாள் புது சைக்கிள் வந்தது. அதை ஓட்டப் பழகி முடிப்பதற்குள் லாரியும் வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் மீன் தொட்டி. மீன்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, காலித் தொட்டிக்குள் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு புவனேஸ்வருக்குப் போனோம். புவனேஸ்வரில் ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா என்று அப்பா பேச்செடுத்தபோதே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நாய்க்குட்டி வரவில்லை. மாற்றல் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

மாற்றல் குடும்பங்களுக்கென்று எழுதாத சட்டங்கள் சில இருக்கின்றன. டிவி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, எதனுடைய அட்டைப்பெட்டியையும் எறியக் கூடாது. எல்லாம் பரணில் காத்திருக்க வேண்டும். மாடிப்படியில் திரும்பாத அலமாரியை வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். சாமி படங்கள் தட்டில் சுவரோடு சாய்ந்து நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அப்பா அதன் முன்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு சவரம் செய்வார். அம்மா ஒரே ஒரு ஆணி கேட்டதற்கு, "நாளைக்குப் போறவனுக்கு எதுக்கு ஆணி?" என்று அவர் சொன்னதை எல்லா ஊர்களிலும் கேட்டிருக்கிறேன்.

கல்கத்தாவில் நாங்கள் லேக் கார்டன்ஸில் குடியிருந்தோம். மூன்றாவது மாடி. கீழ் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம், அங்கே சித்தப்பாவுக்கு அதுதான் பெயர். அவருடைய மகளுக்கு என் வயது, என் வகுப்பு, என்னுடைய அதே பள்ளி வேன். மற்ற ஊர்களிலும் எனக்குத் தோழிகள் இருந்தார்கள்தான். ஆனால் கல்கத்தாவில்தான் முதல் முறையாக ஒரு தோழியோடு சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி பேசும் அளவுக்கு நாட்கள் கிடைத்தன. சண்டையும் வங்காளத்திலேயே போட்டேன். தமிழில் எனக்கு அவ்வளவு வேகம் வராது. புவனேஸ்வரிலிருந்து கிளம்பிய அன்று எனக்கு யாரும் கை அசைக்கவில்லை. அசைக்குமளவுக்கு யாரையும் தெரிந்துகொள்ளும் முன்பே கிளம்பிவிட்டோம். இந்த ஊரை மட்டும் விடுவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது, பிறந்த நாளும் இல்லாமல் பண்டிகையும் இல்லாமல் ஒரு சனிக்கிழமை அப்பா பெரிய பெட்டியோடு வந்தார். உள்ளே மின்சாரத்தில் ஓடும் குட்டி ரயில். ஒரு எஞ்சின், நீல நிறத்தில் நீளமான பெட்டிகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு உள்ள ஒரு கறுப்புப் பெட்டி. தம்பி ஏழு வயசுக்காரன். குதித்த குதியில் கீழ் வீட்டு விளக்கு ஆடியிருக்கும். நான் குதிக்கவில்லை.

"என்னப்பா விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லட்டி. வாங்கணும்னு தோணுச்சு."

"திடீர்னு ஏன் தோணுச்சு?"

அப்பா சிரித்தார். "இவ எனக்கே மேலதிகாரியால்லா இருக்கா," என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். அங்கே இருந்த அம்மா சிரிக்கவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

ரயிலோடு வந்த தண்டவாளம் ஒரு சின்ன வட்டம். இரும்பு. நீளப் பெட்டிகளுக்கு அந்த வளைவு போதவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசிப் பெட்டி கவிழ்ந்து படுத்துக்கொள்ளும். அது போதாதென்று ஜூலை மழை பிடித்துக்கொண்டது. கல்கத்தா மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், பீரோவுக்குள் இருக்கும் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். இரண்டே வாரத்தில் தண்டவாளம் துருப்பிடித்தது. எஞ்சின் நகர மறுத்து உறுமிக்கொண்டு நின்றது.

காக்கு மேலே வந்து பார்த்தார். "கீ ஹோலோ?", என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அவரிடம் சொந்தமாக ஒரு ரயில் பெட்டிகூடக் கிடையாது. ஆனால் தண்டவாளத்தைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயங்கள் ஒரு ஜங்ஷனுக்குப் போதும். விரலால் துருவைத் தேய்த்துப் பார்த்து, "சொல்பே நா," என்று தீர்ப்புச் சொன்னார். உதவாது என்று அர்த்தம். துருப்பிடிக்காத வெள்ளை உலோகத்தில் புதுத் தண்டவாளம் வாங்க வேண்டும், வளைவு அகலமாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலமும் இந்தியும் வங்காளமும் கலந்து விளக்கினார். அம்மா கொடுத்த காப்பியை இரண்டு தரம் குடித்தார். தண்டவாளத்தில் இரண்டு வகை உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வகையில் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் பிளாஸ்டிக் மேடை இருக்கும். ஒன்றோடு ஒன்றைச் செருகினால் பூட்டிக்கொள்ளும். தரையில் வைத்து ஓட்டலாம், முடிந்ததும் கழற்றிவிடலாம். இன்னொரு வகை நீளமாக, வெறும் தண்டவாளமாக வரும். வேண்டிய மாதிரி வளைத்து, ரம்பத்தால் அறுத்து, பலகையில் ஆணி அடித்து இறுக்க வேண்டும். அடித்தால் அடித்ததுதான்.

காக்கு "ஆணி" என்று சொன்ன நிமிஷம் எனக்குள் மணி அடித்தது. என்னுடைய சந்தேகத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. நாங்கள் இந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்றால் அப்பா ஆணித் தண்டவாளம் வாங்குவார். மாற்றல் வந்துவிட்டது என்றால் செருகுத் தண்டவாளம்தான் வாங்குவார். பெரியவர்கள் வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், வாங்குகிற சாமானில் பொய் சொல்ல முடியாது என்று நான் நம்பினேன்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனோம். நகரின் நடுவே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. குட்டி விமானங்கள், குட்டிக் கப்பல்கள், கண்ணாடி அலமாரிக்குள் எஞ்சின்கள். கடைக்காரர் இரண்டு வகையையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். அப்பா ஆணித் தண்டவாளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். செருகுத் தண்டவாளத்தின் இரண்டு துண்டுகளைப் பூட்டிப் பார்த்தார். கழற்றினார். மறுபடி பூட்டினார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"இதுதான் வசதி. எப்ப வேணும்னாலும் கழட்டிப் பெட்டியில போட்டுக்கிடலாம்," என்றார்.

அழுதால் காரியம் கெடும் என்று தெரியும். காக்குவிடம் கேட்டதையெல்லாம் எடுத்து விட்டேன். செருகுகிற வகையில் இணைப்புகள் அதிகம், ஒவ்வொரு இணைப்பிலும் மின்சாரம் குறையும், நம் ஊர் ஈரத்தில் அத்தனை இணைப்பும் கறுத்துப்போகும், வளைவும் அவர்கள் கொடுத்த அளவில்தான் கிடைக்கும். கடைக்காரர் என்னை மரியாதையாகப் பார்த்தார். அப்பா பார்த்த பார்வை வேறு. கணக்கில் ஒரு தொகை இடிக்கும்போது பார்ப்பாரே, அது.

"உனக்கு என்னட்டி இதுல இம்புட்டு அக்கறை? கழட்டுறது நல்லதுதான?"

"எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டேன்.

அப்பா கையிலிருந்த துண்டுகளை மேஜையில் வைத்தார். அவை இன்னும் பூட்டியே இருந்தன. யோசித்துவிட்டு வருகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமலே எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய சந்தேகம் இப்போது சந்தேகமாக இல்லை.

அன்று மாலை சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்தும் வழக்கம் கிடையாது. நான் தண்ணீர் குடிக்க வந்தவளைப் போலக் கதவோரம் நின்றேன். குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. "பிள்ளைக எத்தனை எடத்துலதான் போயி..." என்று அம்மாவின் குரல் கேட்டது. குக்கர் விசில் அடித்து மிச்சத்தைத் தின்றுவிட்டது. பிறகு அப்பா ஏதோ சொன்னார். அம்மா, "வேண்டாம்ங்க, அது எப்படிச் சரிவரும்?" என்றாள். மறுபடி விசில். அம்மா எனக்காகத்தான் வாதாடுகிறாள், அப்பா மாட்டேன் என்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் நான் பேசவில்லை. அவரும் அதைக் கவனித்தமாதிரி தெரியவில்லை.

சில நாள் கழித்து அப்பா ஆபீஸிலிருந்து வரும்போது கையில் ஒரு நீளமான அட்டைக் குழாய் இருந்தது. ஆட்டோவில் கொண்டுவர முடியாமல் பக்கத்து டாக்குரியா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே தூக்கி வந்ததாகச் சொன்னார். குழாயைச் சாய்த்தார். வெள்ளை வெளேரென்று தண்டவாளங்கள் சரிந்து வந்தன. ஆணித் தண்டவாளம்! கூடவே ஒரு சின்னப் பெட்டி நிறையக் குண்டூசித் தடிமனில் ஆணிகள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் தம்பியை ஓர் அடி அடித்துவிட்டேன். இருந்தாலும் அப்பாவின் மகள் அல்லவா? ஒரே ஆதாரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. அன்றிலிருந்து வீட்டைத் தணிக்கை செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் பரண். நாற்காலி மேல் முக்காலி வைத்து ஏறிப் பார்த்தேன். டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி எல்லாம் தூசியோடு அப்படியே இருந்தன. யாரும் தொடவில்லை. அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி மட்டும் கீழே இறங்கியிருந்தது. கேட்டதற்கு ரம்பம், சுத்தியல் எல்லாம் போட்டு வைக்க என்றார். திறந்து பார்த்தேன். ரம்பமும் சுத்தியலும் இருந்தன. சரி.

அடுத்து ஸ்கூட்டர். அந்த மாதம் அப்பா திடீரென்று அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். காலையில் ஏரிக்கரைச் சாலையில் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுவாள். அப்பா பின்னாலேயே, "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி," என்று கத்திக்கொண்டு ஓடுவார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அம்மா ஒரு நாள் மரத்தில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். "இது எனக்கு வேண்டாம், நான் கேட்டனா?" என்று அழுதாள். அழுகிற அளவுக்கு அந்தச் சிராய்ப்பு பெரிதாக இல்லை. அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழங்கையைக் கழுவிவிட்டு, மறுபடி சாவியை அவள் கையில் கொடுத்தார். விட்டுப் போகிற ஊரில் யாராவது ஸ்கூட்டர் பழகுவார்களா? இதையும் என் பக்கத்துச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஃபியூஸ் போடுவது, காஸுக்குப் பதிவு செய்வது, வங்கியில் எந்த ஜன்னலில் நிற்பது, எல்லாவற்றையும் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்துவிட்டு, அவள் சரியாகச் செய்கிறாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தார். அம்மாவை இவர் சந்தேகப்படுகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

பலகை வந்தது. அதன் அகலத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. வளைவு தாராளமாக வேண்டுமென்றால் பலகை அகலமாக இருக்க வேண்டும் என்றார் காக்கு. அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "கையை நீட்டு," என்றார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பலகைமேல் நீட்டினாள். பாதிக்குச் சற்று மேலேதான் எட்டியது. நடுவில் கவிழ்ந்தால் யார் எடுப்பது என்றார் அப்பா. நீங்கள் எடுப்பீர்கள், உங்கள் கைதான் நீளமாயிற்றே என்றார் காக்கு. சொன்னவர் உடனே வாயை மூடிக்கொண்டார். காக்குவை அப்படி ஒரு வாக்கியத்தோடு நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. இவருக்கும் ஏதோ தெரியும் என்று அவர்மேலும் ஒரு கண் வைத்தேன்.

கடைசியில் பலகையைச் சுவரோரம் போடாமல் கூடத்தின் நடுவில் போடுவது என்று முடிவானது. இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், வளைவையும் குறைக்க வேண்டாம். அதற்காகச் சாப்பாட்டு மேஜை சுவரோடு ஒட்டிப் போனது. அந்தப் பக்கத்து நாற்காலிக்கு இடமில்லாமல் அது பால்கனிக்குப் போனது. இனிமேல் பால்கனியில் உட்கார்ந்து படிக்கலாம் என்று நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.

தண்டவாளம் எந்த வடிவத்தில் போவது என்பதில் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பலகையின் ஒரு கோடியில் ஹவுரா, மறுகோடியில் டாக்குரியா. நிஜத்தில் அப்படி ஒரு வண்டி நேராகக் கிடையாது என்று காக்குவின் மகள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு முனையில் கிளம்பி மறு முனையில் நிற்கும் ரயில்தான் உண்மையான ரயில் என்பது என் கட்சி. அப்பா முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு முனையிலயும் ஆளு வேணும்லா? இங்கேருந்து விட்டா அங்க பிடிச்சுத் திருப்பி விட ஒருத்தர் நிக்கணும்."

"நீங்க நில்லுங்க."

அப்பா அளவு நாடாவைச் சுருட்டினார். "வட்டமாப் போடுவோம். வட்டம்னா ஒருத்தர் இருந்தாப் போதும். அதுவாப் போயிட்டு அதுவா வரும்."

சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஆனாலும் ஆணி அடிக்கப் போகிறவரைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை.

அடித்தார். ஒரு விடுமுறை நாள் காலையில் பலகைமேல் முழங்காலிட்டு முதல் ஆணியை வைத்தார். சுத்தியல் பழக்கமில்லாத கை. முதல் அடி விரலில் விழுந்தது. இரண்டாவது ஆணி கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு கை வந்துவிட்டது. வெயிலில் உலோகம் நீளும் என்பதால் இணைப்புகளில் ஒரு நூல் இடம் விட்டு வைத்தார். தண்டவாளத்தின் அடியில் கம்பியை வைத்துப் பற்றவைக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைசி இரண்டை அவளையே வைக்கச் சொன்னார். துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைக்கும் விதத்தையும் அவளுக்குத்தான் காட்டினார். எனக்கு மனத்தாங்கல்தான். ரயில் எங்களுடையதா, அம்மாவுடையதா?

அன்றைக்கு அப்பாவுக்கு என்ன வந்ததோ, பலகை முடிந்ததும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டினார். அம்மாவின் உயரத்துக்கு. இன்னொன்று அடித்துக் காலண்டரை மாட்டினார். சாமி படங்கள் ஒவ்வொன்றாகச் சுவருக்கு ஏறின. நானும் தம்பியும் ஆணி எடுத்துக் கொடுக்கச் சண்டை போட்டோம். வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூள். பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷமாக ஓர் ஆணி கேட்டவள் அல்லவா, சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் ஓடிய முதல் நாள் காக்கு குடும்பத்தோடு வந்தார். காக்கிமா, அதாவது அவருடைய மனைவி, ஒரு சட்டி நிறைய ரசகுல்லா கொண்டுவந்தார். வளைவில் கடைசிப் பெட்டி கவிழவில்லை. அகலமான வளைவில் ரயில் சாய்ந்தும் சாயாமலும் திரும்புவதைப் பார்த்துக் காக்கு தானே அதைக் கண்டுபிடித்தவர்போல் தலையாட்டினார். எல்லோரும் போன பிறகு நான் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். எல்லா ஆதாரங்களும் கையில் இருந்தன. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நாம இந்த ஊரை விட்டுப் போவமாப்பா?"

அப்பா கறுப்புப் பெட்டியின் திருகைக் குறைத்தார். ரயில் மெதுவாகி நின்றது.

"இந்த வீடு மாறாது. உன் பள்ளிக்கூடம் மாறாது. கீழ வீட்டுப் பிள்ளையோட தினமும் சண்ட போடலாம். போதுமா?"

"போதும்," என்றேன்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே வேலை ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

பத்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார். கவுகாத்திக்கு மாற்றல். அவர் மட்டும் போகிறார். அம்மாவும் நாங்களும் இங்கேயே. தம்பி கவுகாத்தியில் காண்டாமிருகம் இருக்கிறதா என்று கேட்டான். எனக்கு முதலில் வந்தது பெரிய நிம்மதி. அப்பா எப்போதும் வெளியூர்த் தணிக்கைக்குப் போகிறவர்தான். போவார், ஒரு பொட்டலத்தில் அந்த ஊர்ப் பலகாரத்தோடு வருவார். இதுவும் அப்படி ஒன்று, கொஞ்சம் நீளமானது என்று நினைத்தேன்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள். மாற்றல் உத்தரவு வந்த வாரம்தான் அப்பா ரயில் வாங்கிவந்தாராம். வழக்கம்போல நாலு பேரும் கிளம்புவதாகத்தான் இருந்ததாம். அந்தக் கடைக்குப் போய் வந்த அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா, "அவ எதுக்குக் கழட்டணும்னு கேக்கா. எனக்குப் பதில் தெரியல. நீங்க இங்கன இருங்க, நான் போறேன்," என்றாராம். பிள்ளைகள் எத்தனை இடத்தில்தான் போய் ஒட்டும் என்று முதலில் அலுத்துக்கொண்டவளே அம்மாதான், ஆனாலும் அதற்கு வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். அவளுக்கு எல்லோரும் சேர்ந்து போனால் போதும் என்றிருந்தது, எந்த ஊராக இருந்தாலும். நான் கதவோரம் நின்று யார் எந்தக் கட்சி என்று அப்படியே மாற்றிப் புரிந்துகொண்டிருந்தேன். அப்பா திரும்ப வந்து எங்களோடு குடியிருப்பதற்குள் நான் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டேன்.

கவுகாத்திக்கு அப்பா கிளம்பிய அன்று அவரை வழியனுப்ப ஹவுராவுக்குப் போனோம். சாயங்கால வண்டி. கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. கூலிக்காரர்கள் தலைச் சுமையோடு கத்திக்கொண்டே எங்களை உரசிப் போனார்கள். அப்பா சாமான்களை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து கம்பி வழியாகத் தம்பியின் தலையைத் தொட்டார்.

"ரெண்டே வருஷம். பொறவு இங்கனயே மாத்திக் கேட்டு வந்திருதேன்," என்று என்னிடம் சொன்னார்.

"சரிப்பா," என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் அப்படிச் சொன்னது, எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா, தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்பேன் என்று நினைத்திருப்பாள். கொத்தமல்லி விற்பவரைக்கூட நான் சும்மா விட்டதில்லை. அவளால் அந்த இடத்தில் வாயைத் திறந்து கேட்க முடியாததை நான் கேட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். அப்பாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் வண்டி எப்போது கிளம்பும் என்று மட்டும் கேட்டேன். காக்குவின் மகள் ரயில் ஓட்ட வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.